தோட்டக் கணக்கும் பைத்தான் நிரலும்

(சேர்வராயன் மலைப்பகுதி விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

சேர்வராயன் மலைக்குக் காப்பிப் பயிர் வந்தது 1820-களில், காக்பர்ன் துரை சேலம் கலெக்டராயிருந்த காலத்தில் என்பது யாவரும் அறிந்ததே. அன்று தொட்டு நெடுங்காலம் தோட்டக் கணக்குகள் பேரேட்டிலும் நோட்டுப் புத்தகத்திலும் எழுதப்பட்டு வந்தன. இப்போதோ ஏற்காட்டிலும், நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி முதலிய கிராமங்களிலும் ஆள் கூலி, உரச் செலவு, மழை அளவு, காப்பி எடை ஆகிய யாவும் கணினியின் விரிதாளில் ஏறி வருகின்றன. இம்மாறுதல் நன்மையானதே. எனினும் விரிதாளைக் கையாளும் முறையில் ஒரு பெருங்குறை உளது. எண்களைப் பதிவதில் காட்டும் கவனத்தில் கால் பங்குகூட, அவ்வெண்களைக் கணக்கிடும் விதியைப் பதிவதில் நாம் காட்டுவதில்லை. விதியை ஒரே இடத்தில், தனிப்பெயரிட்டு, இருதரத்தாரும் படித்துச் சோதிக்கும்படி எழுதிவைத்தல் வேண்டும். அதற்குப் பைத்தான் என்னும் கணினி மொழி தக்க கருவியாகும் என்பதே இங்கு நான் வற்புறுத்த விரும்பும் அபிப்பிராயம்.

கணக்கு நம்மிடம் வந்து சேர்ந்த வகை

1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்படி ஏற்பட்ட காப்பி வாரியம், விளைந்த காப்பியைப் பொதுத் தொகுப்பில் சேர்த்து விற்று, உரிய பணத்தைப் பின்னர்ப் பங்கிட்டு வந்தது. அந்த ஏற்பாடு 1990-களில் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, அப்பத்தாண்டின் இடைப்பகுதியில் முற்றும் நீங்கிற்று. அது முதல் சிறு தோட்டக்காரரும் தம் சரக்கைத் தாமே விலை பேசி விற்கிறார். ஈரக் கழிவு எவ்வளவு, அவுட்டர்ன் எவ்வளவு, மூட்டைக்கு என்ன விலை என்னும் கணக்குகள் அனைத்தும் எடைமேடையருகே சில நிமிஷங்களில் முடிந்துவிடுகின்றன. அக்கணக்கு பெரும்பாலும் வாங்குவோருடைய விரிதாளில் நடைபெறுகிறது. விற்பவர் பார்ப்பது கடைசித் தொகை ஒன்றையே.

கிராமக் கணக்கிலும் இதுவே நிலை. 1980-இல் கர்ணம், மணியம் முதலிய பதவிகள் நீக்கப்பட்டபோது, பல ஊர்களில் அளவை விதிகள் கர்ணத்தின் மனத்தோடே சென்றுவிட்டன. இன்று விரிதாளில் கணக்கு வைக்கும் கிராம நிர்வாக அலுவலர் மாறுதலாகிச் செல்லுங்கால், அவர் எந்தக் கட்டத்தில் எந்தச் சூத்திரத்தை வைத்தார் என்பது அடுத்து வருபவர்க்குத் தெரிவதில்லை. விதி ஒருவருடைய மனத்தில் மறைந்திருப்பதும், ஆயிரம் கட்டங்களுக்குள் சிதறிக் கிடப்பதும் பயனில் ஒன்றேயாம்.

சிதறிய சூத்திரத்தால் வரும் கேடு

விரிதாள் என்னும் கருவியை 1979-இல் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் விசிகால்க் என்ற பெயரில் அமெரிக்காவில் வெளியிட்டனர். எக்ஸெல், லிபரே ஆபிஸ் கால்க் முதலியவை அதன் வழிவந்தவை. ஒரு கட்டத்தில் எழுதிய சூத்திரத்தைக் கீழே இழுத்தால் நூறு கட்டங்களுக்கும் அது பரவும். இதுவே அதன் சிறப்பு. கேடும் அங்கேதான் பிறக்கிறது. நூறில் ஒன்றை யாரேனும் மாற்றிவிட்டால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. இடையில் ஒரு வரி சேர்ந்தால் கூட்டல் அவ்வரியை விட்டுவிடவும் கூடும்.

கற்றறிந்தோரும் இதில் தப்பவில்லை. ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்னும் பேராசிரியர்கள் நாடுகளின் கடனைப் பற்றி 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி பல அரசாங்கங்களால் மேற்கோள் காட்டப்பட்டது. தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர் அவர்களுடைய விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது 2013-இல் வெளியாயிற்று. தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஒருவர் இருந்தமையாலன்றோ பிழை தெரிந்தது! நம் எடைச்சீட்டின் பின்னுள்ள தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

முன்னோர் செய்த முறை

விதியையும் எண்ணையும் பிரித்துவைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், நெல், பொன் முதலியவற்றின் கணக்கு விதிகளைச் செய்யுளாக்கித் தந்த நூல். பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை எண்ணும் விதியும் அதில் உண்டு என்பர். காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத் தொகை கிடைக்கும். முள் நூறாயின் சுளை நூற்றிருபது. பலா மிகுந்த நம் மலையில் இதைச் சோதிப்பது எளிது: பழத்தை அறுத்து எண்ணிப் பார்த்தால் விதி எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பது தெரிந்துபோம்.

கணினியில் சார்பு எனப்படுவதும் இத்தகையதே. பெயர் ஒன்று, உள்ளே கொடுக்கும் எண் சில, வெளியே வரும் விடை ஒன்று. விரிதாளில் கூட்டல், சராசரி முதலிய சார்புகள் முன்னரே அமைந்துள்ளன. ஆனால் ஈரக் கழிவு என்றோ, பசலி என்றோ, பட்டா அளவு என்றோ ஒரு சார்பு அதில் இல்லை. அவற்றை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும்.

பைத்தான் மொழியை நெதர்லாந்து நாட்டினரான குய்டோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்டார். மலைப்பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆங்கில நாட்டு நகைச்சுவை நாடகக் குழு ஒன்றின் பெயரால் அமைந்தது. அது விலையின்றிக் கிடைக்கும். அதன் வாசகம் ஏறக்குறைய நாம் வாயாற் சொல்லும் முறையிலேயே அமையும். 2008-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல், நிரலுக்குள் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். முத்து அண்ணாமலை என்பவர் பைத்தானைக் கொண்டே, கட்டளைச் சொற்களும் தமிழாயமைந்த எழில் என்னும் கணினி மொழியை ஆக்கியிருக்கிறார். ஆதலால் இது நமக்கு எட்டாத வித்தை என்று ஒதுக்குவதற்கில்லை.

நான்கு உதாரணங்கள்

முதலாவது, பட்டா அளவு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என எழுதப்படுகிறது. குடியானவரோ ஏக்கர், சென்ட் என்றே பேசுகிறார். ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர். ஓர் ஏருக்கு 2.471 சென்ட். 0-45.50 என்றிருப்பது 112.43 சென்ட், அதாவது 1 ஏக்கர் 12 சென்டுக்குச் சற்று மேல். இப்போது 1-05.00 என்னும் பட்டாவைப் பாருங்கள். இது 105 ஏர், 259.5 சென்ட். அவசரத்தில் ஒருவர் இதை 1.5 ஹெக்டேர் எனப் பதிந்தால் 370.7 சென்ட் ஆகிவிடும். ஓர் ஏக்கருக்கு மேல் இல்லாத நிலம் கணக்கில் முளைத்துவிடும். உர அளவும் உதவித்தொகையும் அதன்மேலேயே கணக்கிடப்படும். ஹெக்டேரை ஒரு கட்டத்திலும் ஏரை மற்றொரு கட்டத்திலும் வாங்கி, ஏர் நூறோ அதற்கு மேலோ ஆனால் ஏற்க மறுக்கும் சார்பு ஒன்று இருப்பின் இப்பிழைக்கு இடமே இராது.

மழையை அங்குலம், சென்ட் என எழுதும் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். 1 அங்குலம் 35 சென்ட் என்பது 34.29 மில்லிமீட்டர். இவ்விடத்து இன்னொரு எச்சரிக்கை: 1-12 என்று எழுதினால் விரிதாள் அதைத் தேதியாக மாற்றிவிடும். இத்தொல்லையாலேயே, மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு 2020-இல் சில மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. நாம் எண்களைத் தனித்தனிக் கட்டத்தில் பதிந்தாலே போதும்.

இரண்டாவது, பசலி. பசலி ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்கி ஜூன் 30-ஆம் தேதி முடியும். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆங்கில ஆண்டில் 590 கழிக்க வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரை 591 கழிக்க வேண்டும். 2025 ஜூன் 30 பசலி 1434, மறுநாள் 1435. பைத்தானில் இது இரண்டு மூன்று வரிகளில் முடியும். அடங்கல் பதிவுகளைத் தேதி வாரியாக வைத்திருப்போர்க்குப் பசலியைக் கையால் எழுதும் வேலை ஒழியும்.

மூன்றாவது, ஈரக் கழிவு. இதுவே தோட்டக்காரரின் பணத்தை நேரே தொடுவது. பார்ச்மெண்டுக் காப்பி 10 சதவிகித ஈரத்துக்கு உலர்ந்திருக்க வேண்டும். 14 சதவிகித ஈரமுள்ள 500 கிலோவை ஒருவர் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈரம் போனாலும் உலர்பொருள் குறையாது. ஆகவே எடையை 86-ஆல் பெருக்கி 90-ஆல் வகுக்க வேண்டும். விடை 477.78 கிலோ, கழிவு 22.22 கிலோ. நூற்றுக்கு நான்கு என்று வெறுமனே கழித்தால் 20 கிலோவே வரும். அது விற்பவர்க்கு அனுகூலமான பிழை. சரியான விதி அவ்வளவில் விற்பவர்க்குப் பாதகமாயிருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விதி எவர் பக்கமும் சாராது. அதனாலேயே இருவரும் அதை நம்பலாம். ஆனால் சதவிகிதம் ஒன்றுக்கு நூற்றுக்கு இரண்டு கிலோ என்று கழித்தால் 40 கிலோ போய்விடும், அதில் 17.78 கிலோ நியாயமின்றிப் போவது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 2.22 கிலோ என்பதை 2½ என்று முழுமையாக்கினாலும், பத்து மூட்டைக்கு 2.78 கிலோ கூடுதலாகப் போகும். முழுமையாக்குவதும் ஒரு விதியே. அதையும் நிரலில் எழுதிவைக்க வேண்டும்.

செர்ரிக் காப்பிக்கு அவுட்டர்ன் கணக்கு உண்டு. 50 கிலோ மூட்டையைக் குத்தியெடுத்தால் எத்தனை கிலோ சுத்தக் காப்பி தேறும் என்பதே அவுட்டர்ன். பாயிண்டு ஒன்றுக்கு 400 ரூபாய் என உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், 26 அவுட்டர்ன் சரக்குக்கு மூட்டை 10,400 ரூபாய். 24½ ஆனால் 9,800 ரூபாய். மூட்டைக்கு 600 ரூபாய் வித்தியாசம் ஒரு சிறு மாதிரியைக் குத்திப் பார்ப்பதில் அடங்கியிருக்கிறது. மாதிரியின் எடையும், தேறிய எடையும், ஈரமும் தாளில் பதிவாகி, சார்பு விடையளித்தால் பிற்பாடு தகராறுக்கு இடம் குறையும்.

நான்காவது, உரம். ஏக்கருக்குத் தழைச்சத்து 40 கிலோ, மணிச்சத்து 30 கிலோ தேவை என்று உதாரணமாகக் கொள்வோம். டி.ஏ.பி. உரத்தில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46 சதவிகிதம். மணிச்சத்துக்காக 65.2 கிலோ டி.ஏ.பி. இட்டால் அதிலேயே 11.7 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதிக்கு 61.4 கிலோ யூரியா போதும். இதைக் கழிக்க மறந்து 40 கிலோவுக்கும் யூரியாவே கணக்கிட்டால் 87 கிலோ ஆகும். ஏக்கருக்கு 25 கிலோவுக்கு மேல் யூரியா வீண். இவ்வாறு ஒரு கணக்கின் விடை மற்றொன்றுக்குள் புகும் இடங்களில் ஒற்றைக் கட்டத்துச் சூத்திரம் நீண்டு குழம்பும்; பைத்தான் நிரலில் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் பெயரிட்டு எழுதலாம்.

ஆட்சேபங்கள்

விரிதாளின் சாதாரணச் சூத்திரமே போதாதோ என்று சிலர் கேட்பர். ஒரு தாளில் ஒருமுறை செய்யும் கணக்குக்கு அது தாராளமாகப் போதும். எக்ஸெலில் 2020 முதல் லாம்டா என்னும் வழியாகப் பைத்தான் இன்றியே பெயரிட்ட சார்பு அமைக்கவும் இடமுண்டு. ஆனால் பல தாள்களில், பல ஆண்டுகள், பலர் கையாளும் விதிக்குத் தனியே நிற்கும் நிரலே ஏற்றது. அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். அச்சிட்டுச் சுவரிலும் ஒட்டலாம்.

இணையம் வேண்டுமே என்பர் சிலர். எக்ஸெலுக்குள்ளேயே பைத்தான் எழுதும் வசதியை மைக்ரோசாப்ட் 2023-இல் அறிவித்தது உண்மை. அவ்வழியில் எழுதும் நிரல் நம் கணினியில் ஓடாது. இணையத்தின் வழியே அக்கம்பெனியின் கணினிகளில் ஓடும். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் தடைப்படுவது மலையில் புதிதன்று. எடைமேடையில் அறுவடைக் காலத்தில் அதை நம்பியிருப்பது உசிதமாகாது. விண்டோஸ் கணினியும் எக்ஸெலும் உள்ளோர் எக்ஸ்எல்விங்ஸ் என்னும் கட்டற்ற தொகுப்பைச் சேர்த்தால் நிரல் நம் கணினியிலேயே ஓடும். விலை கொடுக்க விரும்பாதோர்க்கு லிபரே ஆபிஸ் உண்டு. அதில் ஒரு சங்கடம்: கட்டத்திலிருந்து பைத்தான் நிரலை நேரே அழைக்க இயலாது. பேசிக் மொழியில் சில வரிகளாலான இணைப்புச் சார்பு ஒன்றை எழுதி, அதன் வழியாக அழைக்க வேண்டும். அல்லது ஆட்-இன் ஆகச் சேர்க்க வேண்டும். முதல் முறை ஒருவர் உடனிருந்து அமைத்துத் தருவது நலம். பிறகு சிரமமில்லை.

இதைக் கற்பார் யார் என்பது மூன்றாவது ஆட்சேபம். தோட்டக்காரர் யாவரும் நிரல் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு ஒருவர் எழுதக் கற்றால் போதும். மற்றையோர் படித்துப் பார்க்கக் கற்றால் போதும். கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் அநேக வீடுகளில் இருக்கின்றனர். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லிபரே ஆபிஸ் கால்க் பற்றிய பாடங்கள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பைத்தானுக்கும் பாடங்கள் உண்டு.

அனுசரிக்க வேண்டிய விதிகள்

1. சார்புக்கு அதன் வேலை விளங்கும்படி பெயரிடுக. ஈரக்கழிவு என்பது பெயர். கணக்கு-2 என்பது பெயராகாது.

2. 10 சதவிகிதம், 2.471 முதலிய நிலை எண்களை நிரலின் தலைப்பில் தனித்தனியே எழுதுக. விதி மாறினால் அங்கே ஒரு முறை திருத்தினால் போதும்.

3. விடை தெரிந்த கணக்குகளால் சோதித்துப் பார்த்த பின்னரே வழக்கில் கொண்டுவருக. 10 சதவிகித ஈரத்துக்குக் கழிவு பூஜ்யம் வர வேண்டும். ஜூன் 30-க்கும் ஜூலை 1-க்கும் பசலி மாற வேண்டும். ஈரம் 140 என்று தவறிப் பதிந்தால் நிரல் விடை தராமல் மறுக்க வேண்டும்.

4. நிரலின் மேற்பகுதியில் எழுதியவர், தேதி, விதியின் ஆதாரம் ஆகியவற்றைத் தமிழில் குறித்து வைக்க. அலுவலர் மாறினும் விதி நிலைக்கும்.

5. நிரல் ஒரு கணினியில் மட்டும் இருந்தால், தாளை வேறிடத்தில் திறக்கும்போது விடைக்குப் பதில் பிழைச் செய்தியே தோன்றும். ஆகையால் தாளோடு நிரலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பிரதி ஒன்று தனியே வைத்திருக்கவும் வேண்டும்.

6. அறிமுகமில்லாதார் அனுப்பிய தாளிலுள்ள நிரலை ஓட்ட அனுமதி அளியாதீர். கணக்குப் போடும் நிரலே கணினியிலுள்ள கோப்புகளை அழிக்கவும் வல்லது.

முடிவுரை

தராசுக்கு முத்திரை போடுவதற்குச் சட்டம் உண்டு. கழிவைக் கணக்கிடும் விரிதாளைச் சோதிப்பதற்கு நாமே முன்வர வேண்டும். வரும் அறுவடைக்கு முன்னர், தோட்டக்காரர்கள் ஒன்றுகூடி ஈரக் கழிவு, அவுட்டர்ன் ஆகிய இரண்டு விதிகளையேனும் நிரலாக எழுதுவித்து, வாங்குவோரிடமும் ஒரு பிரதி கொடுத்து, இருதரத்தாரும் ஒரே நிரலால் கணக்கிடும்படி பேசி முடித்தல் வேண்டும். நேர்மையான வியாபாரிக்கு இதனால் நஷ்டமில்லை. வீண் சந்தேகம் நீங்குவதால் லாபமே. கிராம அலுவலர்களும் பட்டா அளவு, பசலி ஆகிய இரண்டையும் இம்முறையில் அமைத்து, தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைக்கும் பதிவேடுகளோடு நிரலையும் ஒப்படைப்பாராக. எடைச்சீட்டில் கையெழுத்திடும் குடியானவர் ஒவ்வொருவரும், "தொகை எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "எந்த விதிப்படி?" என்று கேட்கும் வழக்கம் நம் மலையில் ஏற்படுமாக.